வெறும் தண்ணீர்க் குவளைகள்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆய்வகத்துல இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். முழுதும் சொன்னால், யார் காதில் பூ சுற்றுகிறாய் என்பதுபோல் பார்ப்பார்கள். அவர் தண்ணீரில் வாழும் ஒரு பொடிப் பூச்சிக்குப் போதைப்பொருள் கொடுத்து, அது என்ன ஆகிறது என்று பார்க்கிறார். காலையில் போய்ப் பூச்சிக்குப் போதை ஏற்றிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். குடும்பம் நடத்துகிறவள் இதை எப்படி வெளியே சொல்வாள்?

பூச்சியின் பெயர் நீர்த்தெள்ளு. தேங்கிய குளத்து நீரை ஒரு குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாக எம்பி எம்பி நீந்துமே, அதுதான். எள்ளில் பாதி இருக்கும். உடம்பு கண்ணாடி. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பதும், தின்ற பாசி பச்சையாகக் குடலில் இறங்குவதும், முதுகுப் பக்கத்துப் பையில் குஞ்சுகள் புரள்வதும் தெரியுமாம். ஜாடியில் இருக்கிற அத்தனையும் பெண். ஆண் துணை இல்லாமலே குஞ்சு போடும். கூட்டம் நெரிந்து சாப்பாடு குறைந்தால்தான் ஆண் பிறக்குமாம். இதை அவர் சொன்ன நாளிலிருந்து அந்த ஆய்வகத்தை நான் அவருடைய அந்தப்புரம் என்றுதான் சொல்வேன். "அந்தப்புரத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால் கோபப்படாமல், "மூணாவது ஜாடில கொஞ்சம் சோர்வா இருக்காங்க" என்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பும் அதே கடைதான். ஒரு நாள் ஒல்லியாக ஒருவர் வந்து, கண்ணாடியில் செய்த சொட்டுக்குழாய் இருக்கிறதா என்று கேட்டார். இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னார். "உங்க வீட்ல எத்தன பேருக்குக் காது வலி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குழாயின் முனையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முனை கூரா இருந்தா அதுங்களுக்கு அடிபடும்" என்றார். எதுகளுக்கு என்று வாயைக் கொடுத்தேன். கடை சாத்தும்வரை சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் வந்தார், ஒரு குழாய்கூட வாங்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அப்போதெல்லாம் அவர் தொழிற்சாலைக் கழிவுநீரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் பொடிகள் வர ஆரம்பித்தன. யாரோ எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே தடைசெய்த சரக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்து புதிதாக ஒன்றை உண்டாக்குகிறார்கள். புதியது எந்தப் பட்டியலிலும் இருக்காது என்பதால் அதை விற்பது குற்றமில்லை. அறைக்கு வாசனைப் பொடி, செடிக்கு உரம் என்று எதையாவது அச்சடித்து, 'உண்பதற்கு அல்ல' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டு, பளபளக்கும் பொட்டலமாகக் கடையில் தொங்கவிடுகிறார்கள். அது உடம்பை என்ன செய்யும் என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால் முதலில் தெள்ளுகளிடம் கேட்கிறார்கள்.

முறை எளியது. வரிசையாகக் குவளைகள் வைத்து, சிலவற்றில் பொடி கலந்த தண்ணீர், சிலவற்றில் வெறும் தண்ணீர் ஊற்றி, தெள்ளுகளை விடுவார்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு குவளையையும் மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நீந்தினால் சரி. அப்படியே கிடந்தால் சரியில்லை. எந்தக் குவளையில் எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது, வெளியே எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். தெரிந்துகொண்டு எண்ணினால் நாம் ஆசைப்படுவதைத்தான் கண் பார்க்கும் என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. வெறும் தண்ணீரில் இருப்பவையும் செத்துப்போனால் அந்தச் சோதனை மொத்தமும் செல்லாது. கொன்றது பொடியா வேறு எதுவுமா என்று யார் சொல்வது?

இந்தச் சுழற்றிவிட்டுப் பொறுக்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஏதாவது கேட்பார், பதில் வரும்வரை அப்படியே நிற்பார். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தோளை லேசாகத் தொட்டுவிட்டு நகராமல் நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். "நான் என்ன உங்க தெள்ளா?" என்பேன். "நீந்திருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவரைக் கட்டிக்கொண்டதால் நான் இழந்தவற்றைச் சொன்னால் ஒரு நாள் போதாது. வாசனைச் சோப்பு போச்சு. பவுடர் போச்சு. துணிக்குப் போடுகிற மணத் திரவம் போச்சு. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு கொசு மருந்து. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கொசு குடும்பத்தோடு வரும். ஆனால் கொசுவைக் கொல்கிற மருந்து தெள்ளைக் கொசுவுக்கு முன்னால் கொன்றுவிடும், துணியில் ஒட்டிக்கொண்டு போகிற துளியே போதும் என்பார். அதனால் சுருளும் இல்லை, சுவரில் சொருகுகிற மருந்துப் புட்டியும் இல்லை. கொசுவலைக்குள் நாங்கள் மூன்று பேரும் நுழைந்து படுத்துக்கொள்வோம். எங்கள் மகளை வீட்டில் சின்னது என்று கூப்பிடுவோம். அது இரவெல்லாம் உருண்டு வலையை விட்டு வெளியே போய், விடிகிறபோது கையெல்லாம் தடிப்பாக எழுந்து வரும். அப்பாவின் அந்தப்புரத்துக்குப் பெற்ற பிள்ளை இரத்தம் கொடுக்கிறது என்று நான் சொல்லாத நாள் இல்லை.

இன்னொரு வேலையையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். தெள்ளுகளைப் பெரிசு சிறிசு பிரித்து எடுக்கக் கைப்பிடிச் சல்லடை வேண்டும். கடையில் விற்பது அவருக்குப் பிடிக்காது, விளிம்பு உரசுமாம். நைலான் வலையை வட்டமாக வெட்டி வளையத்தில் இழுத்துக் கட்டி, கட்டிலில் உட்கார்ந்து ஊசி நூலால் தைப்பார். தைத்து முடித்தால் படுக்கையறை ஆணியில் மாட்டிவைத்து, வேண்டும்போது எடுத்துப் போவார். தையல் என்னைவிட நன்றாக வரும். அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. என் தம்பி ஏணியில் நின்றுபோனான்.

தம்பி ஏ.சி. மெக்கானிக். எனக்குப் பிறகு வெகுநாள் கழித்துப் பிறந்தவன், அம்மா போனபின் நான்தான் அவனுக்கு எல்லாம். நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏணியின் மேல் படியில் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேர் ஏறி, கதவைக் கழற்றி இறக்குகிற மாதிரி அவனை இறக்கினார்களாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. இருக்கிற சோதனைக்கெல்லாம் பழைய சரக்குகளைத்தான் தெரியும், இவன் தின்றது நேற்று முளைத்தது. நீலப் பொட்டலம், 'அறை நறுமணம்'. தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்தானாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவனுக்கோ அது ஒரு விஷயமாகவே இல்லை.

"அக்கா, ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. தடை பண்ணினதும் இல்ல. கடையில தொங்குது. நீ ஏன் இப்படி அழுவுற?"

"நின்னுட்டியேடா. சிலை மாதிரி நின்னுட்டியே."

"சாப்பிடாம வேலைக்குப் போயிட்டேன். அவ்ளோதான்."

கொஞ்ச நாள் இருந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னான். அந்த அறையில் நண்பர்கள் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். அங்கே போனால் அவன் மறுபடியும் நிற்பான், அடுத்த முறை ஏணிக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு அது உள்ளங்கை மாதிரித் தெரிந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

அந்த வாரமே அதே நீலப் பொட்டலம் ஆய்வகத்துக்கு வந்தது. கடைகளில் சோதனை போட்ட அதிகாரிகள் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இவர் நேராகத் தன் மேலதிகாரியிடம் போய், "மேடம், இதுல எங்க வீட்டு ஆள் ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிவிட்டார். யாராவது சொல்வார்களா? மேடம் நல்ல மனுஷி. "அப்ப குவளைக்கு எண் போடறத நான் பாத்துக்கறேன். நீங்க எண்ணுங்க, இன்னொருத்தரும் தனியா எண்ணட்டும்" என்றாராம்.

அன்றிலிருந்து என் நம்பிக்கை முழுதும் தெள்ளுகள் மேல் போய் உட்கார்ந்தது. சமையலறையில் நின்று அவரிடம் கேட்டேன்.

"எல்லாம் செத்துரும்ல?"

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? விஷம்னு எழுதிக் குடுங்க. அவன்கிட்ட காட்டறேன். நீங்க சொன்னா அவன் கேப்பான்."

"அதுங்க சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தேன்.

சோதனை முடிகிற அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. மதியம் அவருக்குப் போன் போட்டேன். "நாலு குவள பாத்துட்டேன், ஒண்ணும் அசையல. இன்னும் நெறைய இருக்கு" என்றார். நான் மீதிக்குக் காத்திருப்பேனா? அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தம்பி கூடத்தில் படுத்திருந்தான்.

"உன் பொடியைப் போட்டு வெச்சாங்களே, எல்லாம் செத்துப்போச்சு. ஒண்ணுகூட மிஞ்சல."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "மாமா சொன்னாரா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு எழுந்து தன் பையின் அடியிலிருந்து ஒரு நீலப் பொட்டலத்தை எடுத்தான். என் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறான். குளியலறைக்குள் போனான், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பொட்டலம் காலியாக இருந்தது. அந்தப் பூச்சிகளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாலையில் அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்னங்க?"

"வெறும் தண்ணில இருந்ததும் போயிருச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் அந்த விதி நினைவுக்கு வந்தது, சோதனை மொத்தமும் செல்லாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடிவந்து கட்டிக்கொண்ட சின்னதின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் ஒரு தடிப்பும் இல்லை. இரண்டு மூன்று நாளாகவே இல்லை, நான்தான் கவனிக்கவில்லை. அவர் நேராகப் படுக்கையறைக்குப் போய் முட்டி போட்டுக் கட்டிலுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவரில் சொருகின மருந்துப் புட்டி சின்னச் சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் சல்லடை மாட்டுகிற ஆணி. அந்தச் சல்லடையில்தான் எல்லாக் குவளைக்கும் தெள்ளுகளைப் பிரித்திருந்தார்.

வாங்கி வைத்தது தம்பி. குழந்தையைக் கொசு பிய்க்கிறதே, இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று, தனக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் கடைக்குப் போய் அவனாகச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அவனிடம் எங்கள் வீட்டு விதியை யாரும் சொல்லவில்லை.

அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"அவன்கிட்ட சொல்லாதீங்க."

அவர் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த சல்லடையைப் பையிலிருந்து எடுத்தார்.

"கொட்டிட்டான், தெரியுமா? கையில இருந்ததக் கொட்டிட்டான். பயந்துட்டான். பயந்தபடியே இருக்கட்டும். உங்க கையக் கால வேணாலும் பிடிக்கறேன்."

"நாளைக்கி அவனுக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப்போறா?"

"அப்புறம் அவன் நம்ம ரெண்டு பேரையும் நம்ப மாட்டான். இப்ப நம்பறதுக்கு அவனுக்கு வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, சல்லடையை அவன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். தம்பி சல்லடையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் வெச்ச மருந்தா கொன்னுச்சு?"

"ஆமா மாப்ள. நீ குழந்தைக்கித்தான் வெச்ச. தப்பு உன்மேல இல்ல. நான் சொல்லியிருக்கணும்."

"அப்ப அந்தப் பொடி கொல்லல."

"கொன்னுச்சான்னு தெரியல. மறுபடி பாக்கணும்."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அநியாயமா கொட்டிட்டேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போய்விடுவதாகச் சொன்னான்.

அன்று நான் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டேன். அடுத்து வந்த நாள்களில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு முறை தோளைத் தொட்டுவிட்டு நின்று பார்த்தார். நான் நீந்தவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, என் தம்பி ஏணியில் நிற்கும்போது அது ஓடிவந்து பிடிக்குமா?

அவர் தன் பாட்டுக்குத் தன் சட்டைகளையெல்லாம் வெந்நீரில் அலசி மாடியில் காயப்போட்டார். ஆணியைப் பிடுங்கினார். ஆய்வகத்திலேயே உட்கார்ந்து புதிதாக ஒரு சல்லடை தைத்தார். பெரிய ஜாடிகளில் இருந்தவை நன்றாகத்தான் இருந்தன, அவற்றிலிருந்து எடுத்து மறுபடியும் சோதனை வைத்தார்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் என்னிடம் சொன்னார். "நேத்து எண்ணியாச்சு. சாகல. பொடில இருந்ததும் உயிரோடதான் இருக்கு."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது.

"இன்னைக்குக் கொட்டறதுக்கு முன்னால மாப்ள வந்து பாக்கலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. நீயும் வா."

"செத்திருந்தாலாவது காட்டலாம். உயிரோட இருக்கறதப் பாத்து அவன் என்ன பண்ணப்போறான்?"

"பாக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தைக்காகவே அவரை ஏதாவது செய்திருப்பேன். ஆனாலும் சோப்பு போடாமல் குளித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்காமல், சின்னதைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். இத்தனை வருஷத்தில் அந்த அந்தப்புரத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

சின்ன அறை. சுவரோரம் அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், சிலவற்றில் பச்சைத் தண்ணீர், சிலவற்றில் தெளிந்த தண்ணீர். ஒரு வாசனையும் இல்லை. நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வருகிற ஒரு மேசை. அதன்மேல் எண் ஒட்டிய குவளைகள். மேடம் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எந்த எண்ணில் என்ன என்று அவருக்கும் இவருக்கும்தான் தெரியும்.

"சும்மா பாரு மாப்ள" என்றார் இவர்.

தம்பி குனிந்தான். நானும் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எல்லாக் குவளையிலும் புள்ளிகள் அசைந்தன. பார், நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

இவர் அடி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கைப் போட்டார். தம்பி முகத்தை ஒவ்வொரு குவளையாகக் கொண்டுபோனான். பிறகு ஒரு குவளையை விரலால் மெல்ல நகர்த்தி இடது பக்கம் வைத்தான். இன்னொன்றை நகர்த்தினான். ஒன்றைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டான், மறுபடியும் பார்த்தான், அதையும் நகர்த்தினான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முடித்தபோது மேசை இரண்டாகப் பிரிந்திருந்தது.

மேடம் எழுந்து வந்து தன் தாளோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். இடது பக்கம் இருந்ததெல்லாம் பொடி. ஒன்றுகூடத் தவறவில்லை.

"எப்படிப் பிரிச்சீங்க?" என்றார்.

தம்பி நிமிரவில்லை. "அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் வெளிச்சம் வந்ததும் கெளம்பிப் போகுது. இதுங்களும் போகணும்னுதான் பாக்குது. கை கால் ஆடுது. ஆனா எந்தப் பக்கம்னு தெரியல. நின்ன எடத்துலயே சுத்துது." விரலைக் குவளை விளிம்பில் வைத்தான். "எனக்கு ஏணியில எல்லாம் கேட்டுச்சுக்கா. கீழ கூப்புட்டது கேட்டுச்சு. எறங்கணும்னுதான் இருந்துச்சு. எந்தக் கால எடுக்கணும்னு தெரியல. யார்கிட்டயும் சொல்லல. இதுல அப்படியே இருக்கு."

மேடம், செத்தால்தான் தடைப் பட்டியலில் போடுவார்கள் என்று இல்லை, இதையும் எழுதித்தான் அனுப்புவோம் என்று மெதுவாகச் சொன்னார். அது என் காதில் பாதிதான் விழுந்தது. நான் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுங்கள இனி என்ன பண்ணுவீங்க மாமா?"

"சோதனை முடிஞ்சா முறைப்படி அழிச்சிருவோம்."

"நல்ல தண்ணில எடுத்து விட்டா?"

"விட்டுப் பாத்ததில்ல."

"சரியாயிருமா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், ஆகும் ராஜா, கண்டிப்பாக ஆகும் என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். இவர் மேடத்தைப் பார்த்தார், மேடம் தலையாட்டினார். இவர் ஒரு புதுக் குவளையில் வெறும் தண்ணீரை ஊற்றி, சொட்டுக்குழாயை எடுத்தார். முனையை விரலால் தடவிப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

ஒவ்வொன்றாக அவர் எடுத்து விட, தம்பி பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றாலும் அவர் காலையிலேயே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். தம்பி குளித்துவிட்டு வந்து பையில் சட்டைகளை அடுக்கினான். நான் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கு ஒரு பலமும் இல்லாமல் போயிருந்தது. சின்னது மட்டும் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "மாமா, கொசுவலைல எடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனான். என் போன் அடித்தது. அவர்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள இருக்கானா?"

"இருக்கான். கெளம்பிட்டு இருக்கான்."

"அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லணும். பாதிக்கு மேல நீந்துது. வெளிச்சத்துக்குச் சரியாப் போகுது."

தம்பி வாசலிலிருந்து திரும்பி வந்து போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"மீதி, மாமா?"

"அசையுது. ஆனா சரியா நீந்தல. தெனமும் தண்ணி மாத்தி வெச்சுப் பாக்கணும். எத்தன நாள் ஆகும்னு எனக்குத் தெரியாது."

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. வைத்துவிட்டாரா என்று பார்த்தேன், வைக்கவில்லை. கேட்டுவிட்டு நிற்கிறார். எப்போதும்போல.

தம்பி போனை என்னிடம் நீட்டினான். பையின் வாரைத் தோளிலிருந்து கழற்றினான். அதைக் கீழே வைத்துவிட்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "நானும் இருந்து பாக்கறேன்" என்றான். சின்னது அதற்குள் பையின் ஜிப்பைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்துப் போட ஆரம்பித்திருந்தது.

போனைக் காதில் வைத்தேன். இத்தனை நாள் கழித்துக் கோபமில்லாமல் அவரிடம் நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"நீந்திருச்சுங்க" என்றேன்.